நனையாத நூல் – 6: கான்வாஸ் ஷூவில் சிந்திய திரவம்

சென்ற இதழில் கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மேகின்டாஷைப் பார்த்தோம். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-இல் காப்புரிமை வாங்கியவர். நாப்தாவில் ரப்பர் கரையும் என்பதை அவருக்கு ஐந்தாண்டு முன்பே எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற மருத்துவ மாணவர் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதிவிட்டார். காப்புரிமைக்கு அவர் போகவில்லை. பிற்காலத்தில் பெரிய அறுவை மருத்துவரானார். மழைக்கோட்டு மட்டும் மேகின்டாஷின் பெயரிலேயே நின்றுவிட்டது. 1888-இல் தாமஸ் பர்பரி வேறு வழியில் போனார்: நெய்வதற்கு முன்பே நூலைப் பக்குவப்படுத்தி, நெருக்கி நெய்து, கேபர்டீன் துணிக்குக் காப்புரிமை பெற்றார்.

மேகின்டாஷ் துணியின் கண்களை அடைத்தார். மழை உள்ளே வரவில்லை, வியர்வையும் வெளியே போகவில்லை. துணியின் கண்ணைத் தொடாமல் ஒவ்வொரு இழையின் மேற்பரப்பையும் மாற்றியவர்களின் கதைதான் இந்த அத்தியாயம்.

துணி ஏன் மெதுவாகக் காய்கிறது? இனி வரும் காப்புரிமைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழுப்பது 0.4 சதவீதம்தான். அப்படியானால் பாலியஸ்டர் சட்டை மழையில் நனையவே கூடாதே? ஆனாலும் நனைகிறது. தண்ணீரில் பெரும்பங்கு இழைக்குள் போவதில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள நுண்ணிய சந்துகளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கொடியில் போட்டுவிட்டு நாம் காத்திருப்பது அந்தச் சந்துத் தண்ணீர் ஆவியாவதற்குத்தான். இழையின் மேற்பரப்பு தண்ணீரை ஏற்க மறுத்துவிட்டால் சந்துகளில் காற்றே நிறைந்திருக்கும், துளி மேலேயே உருண்டு நிற்கும். ஓர் உதறு உதறினால் போதும். காயவைக்க அதிகம் மிச்சமிருக்காது.

ஆலைப் பரிசோதனைக்கூடத்தில் இதைச் சோதிக்கும் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. துணியை ஆறு அங்குல வளையத்தில் சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டுவார்கள். வளையத்தை 45 டிகிரி சாய்த்து வைத்து, 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் தூவல் வாய் வழியாக 250 மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றுவார்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். வளையத்தின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, துணியின் முகத்தை ஒரு படவரிசையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். எங்கும் ஈரம் ஒட்டவில்லை என்றால் 100, மேற்புறம் முழுக்க நனைந்திருந்தால் 50. புதுத் துணியில் 100 வாங்குவது பெரிய காரியமே இல்லை. பத்து, இருபது சலவைக்குப் பிறகும் அந்த மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதுதான் கடினம். அதற்காகவே இத்தனை மூளைகள் உழைத்தன, இத்தனை காப்புரிமைகள் எழுதப்பட்டன.

முதல் பெரிய திருப்பம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. 1940 மே மாதம் அங்கே யூஜீன் ராக்கோ, செம்பின் துணையோடு சிலிக்கனையும் மெத்தில் குளோரைடையும் நேரடியாக வினைபுரிய வைத்தார். அதில் கிடைத்தவை மெத்தில் குளோரோசிலேன்கள். காற்றின் ஈரம் பட்டாலே புகையும் திரவங்கள் அவை. அந்த ஆவி பட்ட பொருள்களில் தண்ணீர் ஒட்டுவதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டவர் சக ஆய்வாளர் வின்டன் பேட்னோட். 1940 நவம்பரில் விண்ணப்பித்தார். 1942 டிசம்பர் 22 அன்று 2,306,222 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அதில் சொல்லப்பட்ட செய்முறை இது. காகிதத்தையோ பருத்தித் துணியையோ கண்ணாடியையோ அந்த ஆவியில் காட்ட வேண்டும். பொருளின் மேல் எப்போதும் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு ஆவி வினைபுரியும். மெத்தில் தொகுதிகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் மிக மெல்லிய சிலிக்கோன் படலம் உருவாகும். துணியின் கண் ஒன்றுகூட அடைபடாது. ஆனால் இந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடவே பிறக்கும். அமிலம் பட்ட பருத்தி இற்றுப்போகும். அதனால் துணியை உடனே அம்மோனியா ஆவியிலும் காட்ட வேண்டும் என்று பேட்னோட் எழுதிவைத்தார். எனக்கு இந்த ஆவணத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். “தண்ணீர் ஒட்டாது” என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒரு வேடிக்கை. துணி கெடாமல் எப்படிச் செய்வது என்பதையும் சொன்னதால் அது தொழிலானது. காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பாளரிடம் கேட்கும் விலையும் அதுவே: துறை தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டுச் செய்யும் அளவுக்கு ரகசியத்தைத் திறந்து வை, பதிலாகச் சில ஆண்டுகள் தனியுரிமை எடுத்துக்கொள். அன்றைய அமெரிக்காவில் அது வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் காஸி, பாக்ஸ்டர் என்ற இருவர் ஓர் ஆய்வுரை எழுதினார்கள். துளி தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில் எவ்வளவு பங்கு இழை, எவ்வளவு பங்கு காற்று என்பதைக் கணக்கிட்டால் துளி எவ்வளவு உருண்டு நிற்கும் என்று சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். வாத்தின் இறகு நனையாமலிருப்பதற்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல, இறகிழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியின் அளவும் காரணம் என்று காட்டினார்கள். அந்தச் சமன்பாட்டை ஃபாரடே சங்கத்தின் ஆய்விதழில் எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். நீர்விலக்கித் துணியில் அதற்குப் பிறகு வேலை செய்த எல்லோரும் அந்த இருவருக்கும் கடன்பட்டவர்கள்.

சிலிக்கோனுக்கு ஒரு குறை இருந்தது. தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. திரவத்தின் பரப்பு இழுவிசையைவிடத் துணி மேற்பரப்பின் வரம்பு குறைவாக இருந்தால்தான் துளி பரவாமல் உருண்டு நிற்கும். தண்ணீரின் இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். சமையல் எண்ணெய்களுக்கு 30-ஐ ஒட்டி. சிலிக்கோன் பரப்பின் வரம்பு 24 அளவில் நிற்கிறது. கணக்குப்படி எண்ணெய்க்கும் அது போதும் என்று தோன்றலாம், ஆனால் நடைமுறையில் அந்தச் சிறிய இடைவெளியில் எண்ணெய்க் கறை புகுந்துவிடுகிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஜிஸ்மன் பொருள் பொருளாக அளந்து இந்த வரம்புகளைத் தொகுத்தார். டெஃப்லானுக்கு 18. ஒரு கார்பனில் மூன்று ஃபுளோரின் இருக்கும் நுனிகளை நெருக்கமாக நிறுத்தினால் வெறும் 6. எண்ணெயும் ஒட்டாத துணி வேண்டுமானால் ஃபுளோரினிடம்தான் போயாக வேண்டும் என்பது அந்த எண்களிலேயே எழுதியிருந்தது.

ஃபுளோரினைக் கையாளுவதோ பெரும்பாடு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் சைமன்ஸ் அதற்கு ஒரு வழி கண்டார். நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடில் கரிமப் பொருளைக் கரைத்து, நிக்கல் தகடுகளை நட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஹைட்ரஜன் இருந்த இடமெல்லாம் ஃபுளோரின் வந்து உட்காரும். அந்த முறையின் உரிமையை மின்னசோட்டாவின் 3எம் நிறுவனம் வாங்கியது. சைமன்ஸின் காப்புரிமை 1950 ஆகஸ்டில் வெளிவந்தது. கையில் புதுவகை ரசாயனம் வந்துவிட்டது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது தெரியவில்லை.

அந்த நிலையில் 1952-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் பேட்ஸி ஷெர்மன். வேதியியலும் கணிதமும் படித்த மினியாபோலிஸ்காரர். பள்ளியில் மாணவிகளுக்கென்று ஒரு தகுதித் தேர்வு வைத்து, இவருக்கு ஏற்ற வேலை இல்லத்தரசி என்று முடிவு சொன்னார்கள். மாணவர்களுக்கான தேர்வைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி எழுதினார். பல் மருத்துவம் அல்லது வேதியியல் என்று முடிவு வந்தது.

ஜெட் விமான எரிபொருள் குழாய்க்காக, எரிபொருள் பட்டாலும் கெடாத ஃபுளோரின் ரப்பரை உருவாக்குவது அவருக்குத் தரப்பட்ட வேலை. 1953-இல் ஒருநாள், ஆய்வக உதவியாளர் ஒருவரின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் அந்த ரப்பர்ப் பால் சில துளிகள் சிந்தின. சோப்பு போட்டுத் தேய்த்தார்கள், ஆல்கஹாலும் வேறு கரைப்பான்களும் ஊற்றிப் பார்த்தார்கள். எதற்கும் அது அசையவில்லை. ஊற்றியது எதுவும் அந்த இடத்தில் ஊறவுமில்லை, உருண்டு ஓடியது. நாள் ஆக ஆக ஷூ அழுக்கானது, சிந்திய இடம் மட்டும் வெளுப்பாகவே இருந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், தற்செயல் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டதுபோல. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிந்தியதிலிருந்து சந்தைக்கு வருவதற்கு மூன்று ஆண்டு ஆயிற்று. ரப்பர்ப் பாலைத் துணிப் பூச்சாக மாற்றியதும், விலையுயர்ந்த ஃபுளோரினைத் துணி எடையில் மிகச் சிறிய பங்கிலேயே வேலை செய்யவைத்ததும், சலவைக்குத் தாங்கும்படி இழையோடு பிணைத்ததும் ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அவர்களுடைய குழுவும் செய்த உழைப்பு. ஆலையில் சோதனை ஓட்டம் நடந்தபோது ஷெர்மனால் உள்ளே போக முடியவில்லை. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாத காலம். தான் உருவாக்கிய பொருள் எப்படி வேலை செய்கிறது என்ற முடிவுக்காக வாசலுக்கு வெளியே காத்திருந்தார். 1956-இல் ஸ்காட்ச்கார்ட் என்ற பெயரில் பொருள் வெளிவந்தது.

இந்தப் பூச்சுகளின் அடிப்படை வேதியியலுக்கான ஒரு காப்புரிமை 1957 ஆகஸ்டில் ஆல்பிரெக்ட், பிரவுன், சாமுவேல் ஸ்மித் ஆகிய மூவர் பெயரில் வந்தது. ஃபுளோரின் சங்கிலியைத் தாங்கிய அக்ரிலேட் எஸ்டர்கள், அவற்றிலிருந்து செய்யும் பாலிமர்கள் என்று அகலமாக வேலி போட்டது அது. பாலிமரின் முதுகெலும்பு இழையோடு படிந்து கிடக்கும். அதிலிருந்து ஃபுளோரின் சங்கிலிகள் வயலில் நட்ட நாற்றைப் போல நெருக்கமாக மேல்நோக்கி நிற்கும். சலவையிலும் உரசலிலும் அவை சாய்ந்துவிட்டால் நீர்விலக்கம் குறையும், இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் மறுபடி நிமிரும். நல்ல மழைக்கோட்டுகளில் “துவைத்தபின் மிதமான சூட்டில் உலர்த்தவும்” என்று எழுதியிருப்பதன் காரணம் இதுதான். ஆலையிலும் துணியைக் குளியலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் எந்திரத்தில் சூடுபடுத்தியே பூச்சை முடிக்கிறார்கள்.

இனி 1971 ஏப்ரல் 13-க்கு வருவோம். அன்று 3,574,791 என்ற எண்ணில் ஸ்மித்துக்கும் ஷெர்மனுக்கும் கிடைத்த காப்புரிமையை இந்தத் தொடரில் நாம் பார்க்கும் ஆவணங்களிலேயே மிக நுட்பமானது என்று நான் மதிப்பிடுகிறேன். அறுபதுகளில் இஸ்திரி தேவைப்படாத பாலியஸ்டர்-பருத்திக் கலப்பு ஆடைகள் பரவின. அவற்றில் எண்ணெய்க் கறை பட்டால் போகவே மறுத்தது. ஃபுளோரின் பூச்சு போட்டால் காற்றில் இருக்கும்வரை எண்ணெய் ஒட்டாது. ஆனால் அழுத்தித் தேய்த்து எண்ணெய் ஒருமுறை உள்ளே போய்விட்டால் நிலைமை தலைகீழாகும். சலவைத் தொட்டியில் சுற்றிலும் தண்ணீர் இருக்கையில், ஃபுளோரின் பரப்புக்குத் தண்ணீரைவிட எண்ணெயே பரவாயில்லை. கறையை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை விரட்டும் குணமே துவைக்க விடாத குணமாகவும் ஆகிவிட்டது.

இருவரும் ஒரே பாலிமரில் இரண்டு எதிரெதிர் துண்டுகளைக் கோத்தார்கள். ஒன்று ஃபுளோரின் துண்டு, மற்றது தண்ணீரை விரும்பும் துண்டு. துணி காய்ந்திருக்கும்போது ஃபுளோரின் துண்டு மேலே வந்து நின்று கறையைத் தள்ளும். தண்ணீரில் மூழ்கியதும் நீர்விரும்பும் துண்டு விரிந்து மேலே வரும், சோப்புத் தண்ணீர் இழைவரை போய்க் கறையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். காய்ந்ததும் பழையபடி ஃபுளோரின் மேலே. உரிமைக்கோரல்களை அவர்கள் எழுதிய விதத்தையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் போட்டியாளர் ஓர் அணுவை மாற்றித் தப்பித்திருப்பார். இந்த இரண்டு குணத் துண்டுகளும் ஒரே பாலிமரில் இருக்கும் அமைப்பையே அவர்கள் கேட்டார்கள்.

அகலமான வேலி எழும் இடத்தில் சுற்றுப்பாதையும் வரும். டூபாண்ட், ஜப்பானின் அசாஹி கிளாஸ், டைகின் ஆகியவை சைமன்ஸின் மின்சார முறையை விட்டுவிட்டு, டெட்ராஃபுளோரோஎத்திலீனைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் முறையில் ஃபுளோரின் சங்கிலி செய்து தங்கள் பூச்சுகளைக் கொண்டுவந்தன.

இந்த வரலாற்றின் கசப்பான பக்கம் இந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் உள்ள பிணைப்பு சோப்புக்கும் சூட்டுக்கும் அசையாதது என்பதுதான் பூச்சின் பெருமை. அதே பிணைப்பை மண்ணின் நுண்ணுயிரும் உடலின் ஈரலும் உடைக்க முடியவில்லை. 1968-இலேயே ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவ்ஸ், மனித ரத்தத்தில் இரண்டு வகை ஃபுளோரைடு இருக்கிறது, அதில் ஒன்று கரிமப் பொருளோடு பிணைந்தது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தொண்ணூறுகளின் இறுதியில் 3எம் நிறுவனமே ரத்த வங்கி மாதிரிகளைச் சோதித்தபோது, தன் பொருள்களிலிருந்து பிறக்கும் பெர்ஃபுளோரோ ஆக்டேன் சல்ஃபோனேட் பொதுமக்கள் ரத்தத்தில் பரவலாக இருப்பது தெரிந்தது. கொரியப் போர்க்காலத்தை ஒட்டிச் சேமித்துவைத்த படைவீரர்களின் பழைய ரத்த மாதிரிகளில் அது காணப்படவில்லை. 2000 மே 16 அன்று அந்த ரசாயனத்தை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2003-இல் நான்கு கார்பன் சங்கிலியோடு ஸ்காட்ச்கார்ட் மறுவடிவம் பெற்றது.

காப்புரிமை அலுவலகம் கேட்பது மூன்று கேள்வி: புதியதா, பயன்படுமா, துறை அறிந்தவருக்குத் தானாகவே தோன்றிவிடக்கூடியதா. சலவைத் தண்ணீரோடு இந்தப் பொருள் எங்கே போகும் என்று கேட்பது அதன் வேலையில்லை. அதைக் கேட்க வேண்டிய ரசாயனக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமெரிக்காவில் 1976-இல்தான் இயற்றப்பட்டது. அப்போதும் ஏற்கெனவே சந்தையிலிருந்த ரசாயனங்களைச் சோதனை கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள். ஷெர்மனின் அறிவைப் போற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. சமூகம் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவர் ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமுமில்லை. ஆனால் விவரம் தெரிந்த பிறகும் நிறுவனங்கள் காட்டிய தாமதத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பெர்ஃபுளோரோ ஆக்டேன் சல்ஃபோனேட்டைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் உறவான பெர்ஃபுளோரோ ஆக்டனாயிக் அமிலம் 2019-இல் ஒழிக்கவேண்டிய பட்டியலில் சேர்ந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் வழக்கை 2018-இல் 3எம் 85 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் இந்தக் குடும்பத்து ரசாயனங்கள் வேண்டுமென்றே சேர்த்த ஆடைகளை, சில விலக்குகள் தவிர, விற்கக் கூடாது. அங்கே சட்டை அனுப்பும் திருப்பூருக்கும் அது பொருந்தும்.

ஃபுளோரின் இல்லாத வழிகளைத் தேடும் காப்புரிமைகள் இப்போது குவிகின்றன. அவற்றில் ஒன்றின் வேர் நமக்குப் பழக்கமானது. ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட், தாமரை இலையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மெழுகுத் துகள் போர்த்திய நுண்மேடுகள் துளிக்கு அடியில் காற்றைத் தேக்குவதையும், உருளும் துளி தூசியையும் அள்ளிக்கொண்டு போவதையும் சக ஆய்வாளர் நைன்ஹுய்ஸுடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். தாமரை இலைத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழமொழி சொன்ன நமக்கு இது உறுத்தலாம். இலையின் குணத்துக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. அந்த மேடுகளின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து, அதேபோன்ற செயற்கைப் பரப்பைச் செய்யும் முறைக்கே உரிமை கேட்கப்பட்டது. சுவர்ப் பூச்சில் அது நன்றாகவே வேலை செய்தது. துணியில் உரசலுக்கு நுண்மேடுகள் தேய்ந்துபோகும். 2008-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் சீகரின் குழு பாலியஸ்டர் இழைமேல் சிலிக்கோன் நுண்ணிழைகளை வளர்த்தது. இரண்டு மாதம் தண்ணீருக்குள் வைத்திருந்து எடுத்த துணி தொடும்போது காய்ந்தே இருந்தது. பேட்னோடின் சிலிக்கோனும் காஸி-பாக்ஸ்டரின் காற்று இடைவெளியும் அதில் ஒன்றுசேர்ந்தன. ஆனால் ஃபுளோரின் அளவுக்கு எண்ணெயை விரட்டும் ஆடைப் பூச்சு இன்றுவரை கடைக்கு வரவில்லை. அதனால் மழைக்கு எண்ணெய் விலக்கம் தேவையில்லை என்று பல ஆடை நிறுவனங்கள் மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் திரும்பிவிட்டன. தீயணைப்பு வீரர், அறுவை அரங்கு உடைகளில் அந்தச் சமரசம் எளிதாக இல்லை.

அடுத்த இதழில் பூச்சை விட்டுப் படலத்துக்குப் போகிறோம். 1969 அக்டோபரில் பாப் கோர் சூடான டெஃப்லான் தண்டைச் சட்டென்று இழுத்தார், கோர்டெக்ஸ் பிறந்தது. நியூசிலாந்தின் ஜான் கிராப்பர் 1966-லேயே டெஃப்லானை நீட்டி நாடா செய்யும் எந்திரம் கட்டியிருந்தார். 1968-இல் அதை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு, ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு விற்றார். முன்பே ஒருவர் மறைவாகச் செய்ததை, பின்னால் கண்டுபிடித்து ஊரறியச் சொன்னவருக்கு உரிமையாக்கலாமா என்று 1983-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்தது.

(தொடரும்)